மனைவி உடம்புல ஏதோ குறைன்னு தோணுது டாக்டர், டெஸ்ட் எடுக்கலாமா?

கொங்கு பக்கத்துல இருந்து ஒரு தம்பி மூணு பக்கத்துக்கு எழுதியிருக்கார். பேர், ஊர், அடையாளம் எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் இங்க சொல்றேன். அவருக்கு வயசு 29, பனியன் கம்பெனில வேலை. மனைவிக்கு 24. வீட்ல ஜாதகம் பார்த்து பண்ணி வெச்ச கல்யாணம், ஏழு மாசம் ஆகுது. முதல் ராத்திரி ரத்தம் வரலயாம். மனைவியோட இடுப்பு, தொடை, மார்புப் பக்கமெல்லாம் கோடு கோடா இருக்காம், "புள்ள பெத்தவங்களுக்குத்தான்டா அப்படி வரும்"னு கூட வேலை பார்க்கற அண்ணன் ஒருத்தர் சொல்லிட்டாராம், அன்னைலேருந்து தூக்கமில்லை. அக்குள், தொடை இடுக்கு, அந்தரங்கப் பகுதியெல்லாம் முகத்தைவிட கறுப்பா இருக்கு, முடி இருக்கு, அங்க இதழ் மாதிரி இருக்கற பகுதி ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் சிறுசு, உள்ளாடைல வெள்ளையா படுது, லேசா ஒரு வாடையும் வருது, போன்ல பார்த்த எந்த வீடியோலயும் இப்படி இல்லையேன்னு எழுதியிருக்கார். மெடிக்கல் ஷாப்ல கேட்டு வெள்ளையாக்கற க்ரீம் ஒண்ணும், அந்த இடம் கழுவற லிக்விட் ஒண்ணும் வாங்கிக் கொடுத்து, மூணு வாரமா மனைவி அதைப் போட்டு இப்போ தொடை இடுக்குல தோல் உரிஞ்சு எரியுதாம். கன்னித்தன்மைக்கு டெஸ்ட் இருக்கா, லேசர் பண்ண எவ்வளவு ஆகும், வெள்ளைப்படுதலால குழந்தை நிக்காம போயிடுமா, இதெல்லாம் அவரோட கேள்விங்க. கடைசி வரில மட்டும் கேள்வி எதுவும் இல்ல: "இப்போல்லாம் அவ லைட் போடவே விடமாட்டேங்கறா டாக்டர்."

தம்பி, நான் அந்த கடைசி வரிலேருந்தே ஆரம்பிக்கறேன். 30 வருஷத்துக்கு கிட்ட நான் பெண்களைப் பரிசோதிச்சுட்டு இருக்கேன், கட்டில்ல படுத்ததும் அவங்க வாயிலேருந்து வர்ற முதல் வார்த்தை வலிக்குதுன்னு இருக்காது, "சாரி டாக்டர், க்ளீன் பண்ணாம வந்துட்டேன்"னு இருக்கும். மூணு நாளா ரத்தப்போக்கு நிக்காம மயங்கி விழுந்து தூக்கிட்டு வந்த ஒரு பொண்ணு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு அதைத்தான் சொல்லுச்சு. உயிருக்குப் பயப்பட வேண்டிய நேரத்துல தன் உடம்பைப் பார்த்து நான் என்ன நினைப்பேனோன்னு பயந்த பொண்ணு அது. உங்க மனைவி லைட்டை அணைக்கச் சொல்றதும் அதே பயம்தான். ஏழு மாசம் முன்னாடி அவங்களுக்கு அந்த பயம் இருந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க. உங்களைத் திட்டறதுக்காக இதைச் சொல்லல. நீங்க கெட்டவரா இருந்திருந்தா இப்படி ராத்திரி உட்கார்ந்து மூணு பக்கம் எழுதியிருக்க மாட்டீங்க. ஆனா நீங்க எழுதின லிஸ்ட்ல உள்ள எதுவுமே, க்ரீமால வந்த எரிச்சலைத் தவிர, நோய் மாதிரி எனக்குத் தெரியல.

முதல்ல அந்த க்ரீமைப் பத்திப் பேசிடுவோம், மத்ததெல்லாம் நாளைக்குக் கூட பேசிக்கலாம், இது இன்னைக்கே நிக்கணும்.

அந்த க்ரீம்

பேர் நீங்க எழுதல, ஆனா சீட்டு இல்லாம கவுண்டர்ல "வெள்ளையாகணும்"னு கேட்டா எடுத்துக் குடுக்கற ட்யூப் பலதுலயும் மூணு மருந்து கலந்திருக்கும், ஒரு ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயின். முகத்துல வர்ற மங்குக்கு தோல் டாக்டர் பார்த்து, குறைஞ்ச நாளுக்குன்னு எழுதித் தர்ற மருந்து அது. இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்களை 2018லயே ஷெட்யூல் எச்ல கொண்டு வந்துட்டாங்க, அதாவது டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாது. தொடை இடுக்குல தோல் மெலிசு, எப்பவும் வேர்வை, ரெண்டு பக்கமும் ஒட்டி உரசிட்டே இருக்கும், அதனால மருந்து மத்த இடத்தைவிட ஜாஸ்தியா உள்ள இறங்கும். விளைவு என்னன்னா தோல் இன்னும் மெலிசாகும், படர்தாமரை பிடிச்சுக்கும், புதுசா கோடு விழும். ஆமா, எந்தக் கோட்டைப் பார்த்து நீங்க சந்தேகப்பட்டீங்களோ அதே மாதிரி கோட்டை ஸ்டீராய்டு க்ரீமே தொடை இடுக்குல போட்டு விட்டுடும், அது அப்புறம் மறையறது ரொம்ப கஷ்டம்.

இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. நிறுத்தின ரெண்டு மூணு நாள்ல முன்னைவிட சிவந்து எரியலாம், மருந்தை விட்டா அப்படித்தான் ஆகும், "போடறப்போ நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு திரும்ப எடுத்துப் போடற தப்பைத்தான் நிறைய பேர் பண்றாங்க, அதை மட்டும் பண்ணிடாதீங்க. வெறும் தண்ணில கழுவி ஒத்தி எடுத்தா போதும், லூசான காட்டன் துணி, மணம் சேர்க்காத வாசலின் லேசா. இந்த வாரத்துக்குள்ள ஒரு தோல் டாக்டரைப் பாருங்க, கவர்மெண்ட் ஜி.எச்.ல தோல் ஓ.பி. இருக்கு. கொப்புளம், சீழ், காய்ச்சல், ஒண்ணுக்குப் போறப்போ தாங்க முடியாத எரிச்சல் இதுல ஏதாவது இருந்தா வாரமெல்லாம் காத்திருக்காதீங்க, உடனே போயிடுங்க.

ரத்தம் வரலங்கறது

கன்னிச்சவ்வுன்னு ஒண்ணு உள்ள சீல் வெச்ச மாதிரி மூடியிருக்கும், முதல் தடவை அது உடையும்னுதானே நினைச்சுட்டு இருக்கீங்க. அப்படி மூடியிருந்தா மாதவிடாய் ரத்தம் எந்த வழியா வெளிய வரும் தம்பி? ரொம்ப அரிதா சில பொண்ணுங்களுக்கு அப்படி மூடியே இருக்கும், வயசுக்கு வர வேண்டிய நேரத்துல ரத்தம் உள்ளயே தேங்கி வயித்து வலியோட வருவாங்க, அதை ஆபரேஷன் பண்ணித் திறந்து விடுவோம். மத்த எல்லாருக்கும் அது வாசலை ஒட்டி ஓரமா இருக்கற ஒரு மெல்லிய மடிப்பு, நடுவுல துவாரம் இருக்கும், இழுத்தா விரியற தன்மை உண்டு. ஒருத்தருக்கு இருக்கற மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. நிறைய பொண்ணுங்களுக்கு முதல் தடவை ஒரு சொட்டு ரத்தம் கூட வர்றதில்ல. வந்தா கூட பல சமயம் உடம்பு தயாராகாம, ஈரம் வராம அவசரப்பட்டதுல சிராய்ப்பு ஆகி வர்றதுதான். ரத்தம் வரலைன்னா அவங்களுக்கு காயம் படலைன்னு அர்த்தம், அதுக்கு மேல அதுல படிக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

இங்க இன்னொண்ணு சொல்லணும். பொண்ணைக் காப்பாத்தறதா நினைச்சு சிலர் "அவ சைக்கிள் ஓட்டியிருப்பா, கபடி ஆடியிருப்பா, அதுல போயிருக்கும்"னு சமாதானம் சொல்வாங்க. நல்ல எண்ணம்தான், ஆனா எனக்கு அதுல உடன்பாடில்ல. அப்போ சைக்கிளே ஓட்டாத பொண்ணு என்ன பண்ணும்? ரத்தம் வந்தே ஆகணுங்கற நினைப்பே தப்புங்கறப்போ, வராததுக்கு காரணம் தேடற வேலையே நமக்கு வேண்டாம்.

டெஸ்ட்டுக்கு வர்றேன். இல்ல. எந்த டாக்டராலயும், எந்த மெஷினாலயும் ஒரு பொண்ணு முன்னாடி உறவு வெச்சிருக்காளா இல்லையான்னு பார்த்துச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018 அக்டோபர்லயே கன்னித்தன்மை பரிசோதனைக்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்ல, எல்லா நாட்டுலயும் இதை ஒழிக்கணும்னு சொல்லிட்டாங்க. நம்ம சுப்ரீம் கோர்ட் 2022 அக்டோபர் 31ல, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பொண்ணுங்களுக்கே இரு விரல் பரிசோதனை, அதாவது யோனிக்குள்ள விரல் விட்டுப் பார்க்கற சோதனை, பண்ணக்கூடாது, பண்ற டாக்டர் ஒழுங்கீனம் செஞ்சவராத்தான் கருதப்படுவார்னு தீர்ப்பு குடுத்துச்சு. காசு வாங்கிட்டு யாராவது பண்ணித் தர்றேன்னு சொன்னா அது பொய். மனைவியைக் கட்டாயப்படுத்தி அதுக்குக் கூட்டிட்டுப் போறதும், இதையே சொல்லிச் சொல்லிக் குத்திக் காட்டறதும் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல வர்ற மனரீதியான கொடுமைதான், அவங்க புகார் குடுக்க உரிமை இருக்கு. நீங்க இன்னும் அந்த எல்லைக்குப் போகலன்னு நம்பித்தான் இப்பவே சொல்லி வைக்கறேன்.

கோடு

இது சின்ன விஷயம், ஆனா உங்க தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். உடம்பு வேகமா வளர்றப்போ தோலோட நடு அடுக்கு அந்த வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாம விட்டுப் போகும், முதல்ல சிவப்பாவோ ஊதாவாவோ வரும், வருஷம் போகப் போக வெள்ளையாகிடும். கர்ப்பத்துல வயிறு பெருசாகறப்போ வர்றதால எல்லாரும் அதை மட்டும் தெரிஞ்சு வெச்சிருக்காங்க. பொண்ணுங்களுக்கு 12, 13 வயசுல இடுப்பு, தொடை, மார்பு வளர்றப்போவே வந்துடும். பசங்களுக்கும் மீசை முளைக்கற வயசுல சடசடன்னு உயரம் ஏறறப்போ முதுகுல குறுக்கா, தொடைல வரும், உங்க முதுகை யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. அந்த அண்ணன் சொன்னதை வெச்சு ஒரு பொண்ணோட நடத்தையை எடை போட்டுட்டீங்களேன்னுதான் எனக்கு மனசு வலிக்குது.

கறுப்பு, முடி, வடிவம்

நீங்க துணியிலயே புழங்கறவர். ஒரே லாட்ல சாயம் போட்டு வந்தாலே ரெண்டு ரோலுக்கு ஷேட் வித்தியாசம் வரும், நீங்களே பார்த்திருப்பீங்க. ஒரு மனுஷ உடம்பு தலைலேருந்து கால் வரை ஒரே ஷேட்ல எப்படி இருக்கும்? வயசுக்கு வர்றப்போ சுரக்கற ஹார்மோன் அந்தரங்கப் பகுதி, மார்க்காம்பு, அக்குள் இங்கெல்லாம் நிறமியைக் கூட்டும், அது போக நடக்கற உரசல், வேர்வை, இறுக்கமான துணி. ஆம்பளைங்களுக்கும் அதே ஹார்மோன் கணக்கு, அதே கறுப்புதான், உங்க உடம்பையும் கண்ணாடில பார்த்தா தெரியும். உங்ககிட்ட யாராவது ட்யூப் வாங்கிட்டு வந்து நீட்டியிருந்தா உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஒரே ஒரு கறுப்பைத்தான் நாங்க டாக்டருங்க கவனிப்போம். பின்கழுத்துலயும் அக்குள்லயும் வெல்வெட் துணி மாதிரி தடிச்சு கறுத்திருந்து, கூடவே மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போறதோ, தாடைல முரட்டு முடி வர்றதோ, எடை ஏறறதோ இருந்தா சுகர் டெஸ்ட் பண்ணி, பி.சி.ஓ.எஸ்.ங்கற ஹார்மோன் கோளாறு இருக்கான்னு பார்ப்போம். அதுக்கு வைத்தியம் உள்ளுக்குத்தான், மேல தடவறதால ஒண்ணும் ஆகாது.

இதழ் ஒரு பக்கம் பெருசுன்னு எழுதியிருந்தீங்க. 2005ல லண்டன்ல 50 பெண்களை அளந்து பார்த்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, உள் இதழோட நீளம் 2 செ.மீ.லேருந்து 10 செ.மீ. வரைக்கும், அகலம் 7 மி.மீ.லேருந்து 5 செ.மீ. வரைக்கும் இருந்துச்சு. எல்லாரும் நல்லா இருக்கறவங்க. இவ்வளவு வித்தியாசத்துல சரியான அளவு இதுன்னு எதைச் சொல்றது? ரெண்டு பக்கமும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கறவங்களை நானே அபூர்வமாத்தான் பார்த்திருக்கேன், மார்பும் அப்படித்தான், ஒண்ணு கொஞ்சம் பெருசு ஒண்ணு கொஞ்சம் சிறுசு.

முடி அங்க இருக்கறது உரசலைத் தாங்கறதுக்கு. இருந்தா அழுக்குன்னு ஒரு பேச்சு இருக்கு, தப்பு. ரேசர் பட்டுக் கீறல், முடி உள்பக்கமா வளர்ந்து கட்டி, முடி நீக்கற க்ரீம் உள் பகுதில பட்டு வெந்து போனதுன்னு வர்றவங்களுக்குத்தான் நான் மருந்து எழுதறேன். எடுக்கறதா வெச்சுக்கறதா, ட்ரிம் பண்ணிக்கறதாங்கறது அவங்க உடம்பு, அவங்க முடிவு. லேசருக்கு எவ்வளவுன்னு கேட்டிருந்தீங்க, அது உங்க மனைவி கேக்க வேண்டிய கேள்வி, அவங்க கேக்கலையே.

வெள்ளைப்படுதல்

எலும்பு உருகித்தான் வெள்ளையா போகுதுன்னு நம்ம ஊர்ல பாட்டிங்க காலத்துலேருந்து ஒரு பயம் இருக்கு, உங்க அம்மாவும் அதைத்தான் சொல்லியிருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க. எலும்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. யோனி தன்னைத் தானே கழுவிக்கற இடம். ஒரு நாளைக்கு சுமாரா 1 முதல் 4 மி.லி. வரை ஈரம் வரும், கருமுட்டை வெளிவர்ற நாட்கள்ல முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு ஜாஸ்தியா வரும், அப்புறம் கெட்டியாகும். லேசான புளிச்ச வாடை இருக்கும், ஏன்னா உள்ள இருக்கற நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலம் சுரந்து பி.எச். அளவை (7க்குக் கீழ போகப் போக அமிலம் ஜாஸ்தின்னு அர்த்தம்) 3.8 முதல் 4.5க்குள்ள வெச்சிருக்கு, கெட்ட கிருமி வளராம காவல் காக்கறது அந்த அமிலம்தான். மனைவியோட கறுப்பு ஜட்டில அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கறதைப் பார்த்துப் பயந்ததா எழுதியிருக்கீங்களே, அமிலம் பட்டா சாயம் போகும்னு சாயப்பட்டறை ஊர்க்காரருக்கு நான் சொல்லணுமா தம்பி, அது காவல் சரியா இருக்குங்கறதுக்கான தடயம்.

சோப்போட பி.எச். 9, 10ன்னு இருக்கும், அதைப் போட்டு உள்ள வரைக்கும் கழுவினா நல்ல பாக்டீரியா செத்துப் போய், அப்போதான் நிஜமாவே மீன் வாடை வரும். அந்த லிக்விடும் வேண்டாம். வெளிப்பக்கத்தை வெறும் தண்ணில கழுவினா போதும். 2012ல டிவில ஒரு விளம்பரம் வந்துச்சு, புருஷன் கண்டுக்காம பேப்பர் படிச்சுட்டு இருப்பான், பொண்டாட்டி அங்க வெள்ளையாக்கற வாஷ் போட்டுக் குளிச்சதும் வீடே சந்தோஷமாயிடும். அதைப் பார்த்துட்டு என்கிட்ட வந்து கேட்ட பொண்ணுங்க எத்தனை பேர். அது இன்னும் எனக்கு ஆறல.

டாக்டர்கிட்ட போக வேண்டியது எப்போன்னா, தயிர் திரிஞ்ச மாதிரி கட்டி கட்டியா வந்து அரிப்பு இருந்தா, சாம்பல் நிறமா மீன் வாடையோட வந்தா, பச்சை மஞ்சளா நுரைச்சு வந்தா, உறவுக்கு அப்புறம் ரத்தம் பட்டா, அடிவயித்து வலி, காய்ச்சல் இருந்தா. சிலதுக்கு உங்களுக்கும் சேர்த்து மாத்திரை தர வேண்டியிருக்கும். இது எதுவும் இல்லாத சாதாரண வெள்ளைப்படுதலால குழந்தை நிக்காம போகாது, சொல்லப் போனா அந்த வழவழப்பு வர்ற நாட்கள்தான் கரு தங்கறதுக்கு ஏத்த நாட்கள்.

"எங்களுக்கு யாரும் சொல்லித் தரல டாக்டர்"னு ஒரு இடத்துல எழுதியிருந்தீங்க, அந்த வரியை நான் அடிக்கோடு போட்டு வெச்சிருக்கேன், ஏன்னா அது நிஜம். பத்தாவது அறிவியல்ல இனப்பெருக்கப் பாடம் இருக்கு, "இதை வீட்ல படிச்சுக்கோங்க"ன்னு தாண்டிப் போன டீச்சருங்க எத்தனையோ பேர். நீங்க ஸ்கூல் படிச்சுட்டிருந்த 2007 வாக்குல மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகான்னு பல மாநிலங்கள்ல பாலியல் கல்வியே வேண்டாம்னு தடை போட்டாங்க. சுப்ரீம் கோர்ட்டே 2024ல ஒரு தீர்ப்புல முழுமையான பாலியல் கல்வி வேணும்னு எழுத வேண்டி வந்துச்சு. அந்தப் பாடத்தை முழுசா நடத்தியிருந்தா கூட, படத்துல கர்ப்பப்பை இருக்கும், கருக்குழாய் இருக்கும், சினைப்பை இருக்கும், வெளிய கண்ணுக்குத் தெரியற பகுதி இருக்காது. அப்போ ஒரு பையன் அதை முதல்ல பார்க்கறது எங்க? போன்ல. அங்க நடிக்கறவங்க அதுக்குன்னே பொறுக்கி எடுத்தவங்க, எடுக்கறதுக்கு முன்னாடி வேக்ஸிங், மேக்கப், லைட்டிங், சிலருக்கு ஆபரேஷன், எடுத்த அப்புறம் எடிட்டிங். வலிச்ச இடம், நிறுத்தினது, பேசிக்கிட்டது எல்லாம் வெட்டிட்டு மிச்சத்தைக் காட்டறாங்க. அதைப் பத்து வருஷம் பார்த்த கண்ணுக்கு நிஜ உடம்பு முதல் தடவை வித்தியாசமா தெரியத்தான் செய்யும், அதுல உங்க தப்பு பாதிதான். ஆனா தெரிஞ்ச அப்புறமும் அவங்களைத் திருத்தப் பார்த்தா முழுத் தப்பும் உங்களோடது.

இனி என்ன பண்ணலாம்

அந்த வீடியோ பார்க்கறதைக் கொஞ்ச காலமாவது விட்டுப் பாருங்க. விட முடியலன்னு தோணினா வெட்கப்படாம 14416க்குக் கூப்பிடுங்க, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண் அது, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. அந்த அண்ணன்கிட்ட வீட்டு விஷயம் பேசறதை நிறுத்துங்க.

மனைவிகிட்ட மன்னிப்பு கேளுங்க, "சாரி"ன்னு ஒத்த வார்த்தைல முடிச்சுடாம என்னென்ன தப்பா நினைச்சீங்களோ அதைச் சொல்லி. அவங்களுக்கும் யாரும் எதுவும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க, நீங்க சொன்னதை வெச்சு தன் உடம்புல ஏதோ நோய்னு அவங்களே நம்பிட்டு இருக்கலாம், அதனால இந்த பதிலை அவங்க கையில குடுத்துப் படிக்கச் சொன்னாலும் சரி. உடனே எல்லாம் சரியாகிடும்னு எதிர்பார்க்காதீங்க. புண் ஆறற வரைக்கும் உறவு வேண்டாம், ஆறின அப்புறமும் எப்போங்கறதை அவங்க சொல்லட்டும். லைட்டு அணைஞ்சே இருக்கட்டும், அதை எப்போ போடணும்னு அவங்களுக்குத் தெரியும்.

டாக்டர்கிட்ட போறப்போ நீங்களும் கூடப் போங்க, ஆனா உள்ள அவங்க தனியா பேச விரும்பினா வெளிய உட்காருங்க. குப்பைல போட்டுடாம அந்தக் க்ரீம் ட்யூபையும் லிக்விட் பாட்டிலையும் பையில எடுத்துட்டுப் போங்க, மேல இருக்கற சின்ன எழுத்தைப் பார்த்தாத்தான் உள்ள என்ன மருந்துன்னு டாக்டருக்குத் தெரியும்.